ராமானுஜனுக்குத் தெரிந்திருந்ததா, தோன்றியதா?

குடந்தை_வாசகி (இழையைத் தொடங்கியவர்)

எது அறிவு, எது வெறும் நம்பிக்கை என்ற பழைய விவாதத்தை ஒரே ஒரு கடிதத்தை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதர் ஹார்டிக்கு எழுதியது. கூடவே ஏறத்தாழ 120 தேற்றங்கள். நிரூபணங்கள் இல்லை. சிலவற்றை மற்றவர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள், சில தவறு. மீதி ஹார்டியைத் திணறடித்தன, முக்கியமாகத் தொடர் பின்னங்கள் (பின்னத்துக்குக் கீழே பின்னம் என்று அடுக்கிக்கொண்டே போவது) பற்றிய சில சூத்திரங்கள். இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படிக் கற்பனை செய்ய யாருக்கும் வராது என்று ஹார்டி பின்னாளில் எழுதினார்.

சரியாக இருந்த அந்தச் சூத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடிதம் தபாலில் போன அன்று அவை ராமானுஜனுக்குத் தெரியும் என்று சொல்லலாமா? அல்லது அவர் நம்பினார், நம்பியது பிறகு சரி என்று ஆனது, அவ்வளவுதானா?

பாடப் புத்தகங்கள் சொல்லும் மூன்று நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: ஒன்றை நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், நம்புவதற்குத் தக்க ஆதாரம் இருக்க வேண்டும். இதற்கு மூலம் என்று பிளேட்டோவின் 'தியேட்டேட்டஸ்' உரையாடலைக் காட்டுவார்கள். உண்மையில் அந்த உரையாடலிலேயே சாக்ரடீஸ் இதையும் போதாது என்று தள்ளிவிட்டுத்தான் எழுந்து போகிறார். இருந்தாலும் பாடமாக நின்றது இந்த மூன்றுதான். ராமானுஜன் விஷயத்தில் முதல் இரண்டும் இருக்கின்றன. இடிப்பது மூன்றாவது.

காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த முழங்கை எதை அழித்தது? ஒரு முழு நிரூபணத்தையா, அரைகுறை வாதத்தையா, நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்த சோதனையையா? நமக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு அது கிடைத்திருந்தது.

என் பக்கம் இதுதான்: அவருக்குத் தெரிந்திருந்தது. காரணத்தைப் பிறருக்கு எடுத்துக் காட்ட முடியாதவனுக்கு அறிவே இல்லை என்று ஒரு வரையறை சொன்னால், வரையறைதான் குறுகலானது.

பகுஎண்

அக்கா, அந்தக் கடிதத்தின் "சில தவறு" என்ற பகுதியை அவ்வளவு சீக்கிரம் தாண்டிவிட முடியாது.

குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாக ராமானுஜன் எழுதினார். எண் எவ்வளவு பெரிதானாலும் பிழை மிகச் சிறிதாகவே இருக்கும் என்றார். அது தவறு. பகா எண்களோடு நெருங்கிய தொடர்புள்ள சீட்டா சார்பு என்ற ஒன்று உண்டு; அதற்குக் கலப்பெண் பூஜ்ஜியங்களே இல்லை என்றால் பகா எண்கள் எப்படி நடந்துகொள்ளுமோ, அதைத்தான் அவர் எழுதியிருந்தார் என்று ஹார்டி விளக்குகிறார். அந்தப் பூஜ்ஜியங்கள் இருக்கின்றன. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவர் கையில் அப்போது இல்லை.

இப்போது கேள்வி. அதே மனிதர், அதே சிலேட்டு, அதே உறுதி. தொடர் பின்னம் சரியாக வந்தது, பகா எண் சூத்திரம் தவறாகப் போனது. உள்ளே இருந்து பார்த்தால் அவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். அப்படியானால் முதலாவதை மட்டும் "தெரியும்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மெய்யியல்_மாணவன்

பகுஎண் கேட்டது சரியான கேள்வி. இதற்கு 1963-ல் எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையிலிருந்து வந்தால் வசதியாக இருக்கும். மூன்று நிபந்தனையும் நிறைவேறிய பிறகும் அறிவு இல்லாமல் போகலாம் என்று அதில் காட்டினார்.

ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நம்ப ஸ்மித்திடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஜோன்ஸின் பையில் பத்துக் காசு இருப்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆக, "வேலை கிடைக்கப்போகிறவரின் பையில் பத்துக் காசு இருக்கிறது" என்று முடிவு செய்கிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவர் பையிலும், அவருக்கே தெரியாமல், பத்துக் காசு. முடிவு உண்மை, ஆதாரம் உண்டு, நம்பிக்கையும் உண்டு. ஆனாலும் அதை அறிவு என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

இதே இடத்துக்கு 8-ம் நூற்றாண்டிலேயே பௌத்த அறிஞர் தர்மோத்தரர் வந்துவிட்டார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகை எழவில்லை. இறைச்சி வாசத்துக்குப் பூச்சிகள் மொய்க்கின்றன. தூரத்தில் ஒருவன் அந்தக் கருமையைப் புகை என்று எண்ணி, "அங்கே நெருப்பு இருக்கிறது" என்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவனுக்கு அது தெரியுமா? நம் மரபில் அனுமானத்துக்கு எல்லோரும் சொல்லும் உதாரணமே புகையும் நெருப்பும்தான். அதற்குள்ளேயே ஓட்டை போட்டுக் காட்டியது எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது. கெட்டியரைப் படிக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, ராமானுஜனுக்கு வருவோம். கெட்டியருக்குப் பின் ஆல்வின் கோல்ட்மேன் ஒரு வழி சொன்னார்: காரணத்தைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்காதே, நம்பிக்கையைத் தந்த வழிமுறை பெரும்பாலும் உண்மையைத் தருகிறதா என்று பார். இந்த அளவுகோலில் ராமானுஜன் நன்றாகத் தேறுகிறார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் கொண்ட அவருடைய நோட்டுகளுக்குக் கணிதர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளில் நிரூபணங்களைத் தேடித் தொகுத்தார். தவறாக இருந்தவை மிகக் குறைவு.

ஆனால் லாரன்ஸ் போன்ஜூர் 1980-ல் இதற்கு ஒரு தடை எழுப்பினார். நார்மன் என்பவருக்குத் தூரத்தில் நடப்பதை அறியும் சக்தி உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு சக்தி இருப்பதற்கோ இல்லாததற்கோ அவரிடம் எந்தச் சான்றும் இல்லை. "ஜனாதிபதி இப்போது நியூயார்க்கில் இருக்கிறார்" என்று அவருக்குத் தோன்றுகிறது, அது சரியாகவும் இருக்கிறது. தோன்றியதைக் காரணமில்லாமல் பிடித்துக்கொண்ட அவரை அறிந்தவர் என்று ஏற்பதா? போன்ஜூர் முடியாது என்கிறார். ராமானுஜன் நார்மனா? இதற்கு விடை சொன்னால் மீதியைச் சொல்லிவிடலாம்.

பாமா

நான் தத்துவம் படித்தவள் இல்லை. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். எங்கள் சீனியர் சிஸ்டர் ஒருவர் இன்குபேட்டர் பக்கமாக நடந்து போகும்போதே நின்றுவிடுவார். "இந்தக் குழந்தை சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு" என்பார். மானிட்டரில் எல்லாம் இயல்பாக இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்போது தொற்று என்று தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, காலையில் குடித்த வேகத்தில் இப்போது பால் குடிக்கவில்லை, தோல் திட்டுத் திட்டாக வெளிறியிருந்தது, தொட்டால் காலை உதறுவது குறைந்திருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கேஸ் ஷீட்டில் "தோன்றியது" என்று எழுத முடியாது. அடுத்த ஷிப்ட் சிஸ்டருக்கு அது உதவாது. அறிகுறியைத்தான் எழுத வேண்டும்.

அவருக்குத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதி வைத்தால்தான் எங்களுக்கும் தெரியும் என்பதும் உண்மை.

நாமக்கல்_செல்வி

எல்லோரும் நாமகிரித் தாயாரை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். சூத்திரங்களைத் தாயார்தான் கொடுத்தார், கனவில் வந்தது என்று ராமானுஜன் தன் நண்பர்களிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. அறிவு எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டால் அவர் கொடுக்கும் விடை அது. அவருடைய அறிவைப் பற்றிப் பேசிக்கொண்டு, அவர் சொன்ன மூலத்தை மட்டும் கூச்சப்பட்டு ஒதுக்குவது நியாயமாகத் தெரியவில்லை.

அளவைநூல்

செல்வி சொன்னதை ஒதுக்கக் கூடாது. ஆனால் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொண்டால் தெளிவு வரும். ஓர் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. வந்ததை ஏன் வைத்துக்கொள்கிறோம் என்பது மற்றொன்று. தாயார் கொடுத்ததாக ராமானுஜன் உணர்ந்தது முதல் கேள்விக்கு விடை. காலையில் எழுந்து சிலேட்டை எடுத்தாரே, அது இரண்டாவது கேள்விக்கானது. கனவே போதுமென்றால் சிலேட்டு தேய்ந்திருக்காது. ஹார்டியும் அவரை ஏதோ மறைபொருள் ஞானியாகக் காட்டுவதை ஏற்கவில்லை. மற்றக் கணிதர்களைப் போலத்தான் அவரும் சிந்தித்தார் என்பது ஹார்டியின் துணிபு.

நம் பக்கத்து நூல்களில் இது தேர்ந்த விவாதம். மணிமேகலையில் வஞ்சி மாநகரில் சமயவாதிகள் தம் கொள்கைகளைச் சொல்லும் காதையில், முதலில் பேசும் அளவைவாதி அளவைகள், அதாவது அறிவைத் தரும் வழிகள், பத்து என்று எண்ணுகிறான். காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உவமம், ஆகமம் என்று போகும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கடுத்து வரும் எட்டுக் குற்றங்கள்: அளவை போலத் தோன்றி அளவையாகாதவை. இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். தறியோ (நட்ட கம்பமோ) மனிதனோ என்று ஊசலாடுவது ஐயம். ஆராயாமலே தறியை மனிதன் என்று உறுதி செய்துவிடுவது தேராது தெளிதல். பகா எண் சூத்திரத்தில் ராமானுஜனுக்கு நேர்ந்தது திரியக்கோடலா, தேராது தெளிதலா என்று பகுஎண் தம்பிதான் சொல்ல வேண்டும்.

சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் 13-ம் நூற்றாண்டில் பலரும் சொன்ன அளவைகளையெல்லாம் அடுக்கி, இவை காண்டல், கருதல், உரை (தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்தார். கணிதத் தேற்றம் இதில் எங்கே? ராமானுஜனுக்கு அது கருதல். நம்மில் பெரும்பாலோருக்கு அது உரை மட்டுமே. ராமானுஜனின் தேற்றங்கள் சரி என்று இங்கே சொல்லும் எத்தனை பேர் ஒரு நிரூபணத்தையாவது படித்திருப்போம்? பெர்ண்ட் சொன்னார், ஏற்றுக்கொண்டோம். அதையும் அறிவு என்றுதான் நான் சொல்வேன். நியாயம் என்ற தருக்கப் பள்ளியின் மரபும் தக்கவர் சொல்லைத் தனி அளவையாகவே வைத்தது.

மீமாம்சை என்ற மற்றொரு தத்துவப் பள்ளியைச் சேர்ந்த மீமாம்சகருக்கும், நியாயப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகருக்கும் ஒரு நீண்ட வழக்கு உண்டு. மீமாம்சகர் குமாரிலர் பக்கம் சொல்வது: ஓர் உணர்வு எழுந்தால் அது தானாகவே சான்று. மறுப்பு வரும் வரை அது நிற்கும். நியாயம் சொல்வது: அதன் மெய்ம்மை வெளியிலிருந்து உறுதிப்பட வேண்டும். நீர் என்று கண்டாயா, போய்க் குடித்துப் பார், தாகம் தீர்ந்தால் சரி. வாசகி மீமாம்சகர் பக்கம் நிற்கிறார். பகுஎண் நியாயத்தின் பக்கம்.

பகுஎண்

ஐயா, என் பார்வையில் அது தேராது தெளிதல். ஆனால் அவர் எப்போதும் அப்படித் தெளிந்துவிடுபவர் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பது எண் பிரிவினை. 4-ஐ எடுத்தால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக 5 வகை. மக்மாஹன் என்பவர் 200 வரை இதைக் கையால் கணக்கிட்டு அட்டவணை போட்டார். 200-க்கு வரும் விடை 3,972,999,029,388. ராமானுஜன் அந்த அட்டவணையை உற்றுப் பார்த்தார். 4, 9, 14, 19 என்று ஐந்தைந்தாகப் போனால் ஒவ்வொரு விடையும் 5-ஆல் வகுபடுகிறது. 7-க்கும் 11-க்கும் இதேபோல உண்டு. 5-க்கும் 7-க்கும் நிரூபணமே கொடுத்தார். அப்புறம் 5, 7, 11 ஆகியவற்றின் எல்லா அடுக்குகளுக்கும் இது நீளும் என்று ஒரு பொது விதியை முன்வைத்தார். ஓர் எண்ணை 24-ஆல் பெருக்கி 1 கழித்தால் வருவது அப்படி ஓர் அடுக்கால் வகுபட்டால், அந்த எண்ணின் பிரிவினை எண்ணிக்கையும் அதே அடுக்கால் வகுபடும் என்பது விதி. அதைத் தேற்றம் என்று சொல்லவில்லை, ஊகம் என்றே வைத்தார்.

அட்டவணை 200-ல் முடிந்துவிட்டது. ஹன்ஸ்ராஜ் குப்தா அதை 300 வரை நீட்டினார். 1934-ல் எஸ். சௌலா அதில் 243-ஐப் பார்த்தார். 24 × 243 = 5832. 1 கழித்தால் 5831, அது 17 × 343. 343 என்பது 7-ன் மூன்றாம் அடுக்கு. ராமானுஜனின் விதிப்படி 243-ன் பிரிவினை எண்ணிக்கை 343-ஆல் வகுபட வேண்டும். அந்த எண் 133,978,259,344,888. 49-ஆல் வகுபடுகிறது, 343-ஆல் வகுபடவில்லை. பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள், வகுத்து முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். 7-க்கான விதியைத் திருத்தி 1938-ல் வாட்சன் நிரூபித்தார்.

அட்டவணை இன்னும் 43 வரி நீண்டிருந்தால் ராமானுஜனே பார்த்திருப்பார்.

இதில் நான் கவனிப்பது, ஊகம் எது, உறுதி எது என்று அவரே பிரித்து வைத்தார் என்பதை. ஆகவே அவர் நார்மன் இல்லை. தோன்றியதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொள்பவர் இப்படிப் பிரித்து எழுத மாட்டார். ஆனால் இது 1919 கட்டுரை, ஹார்டியோடு ஐந்து ஆண்டு பழகிய பிறகு எழுதியது. 1913-ல் அந்தக் கோடு அவரிடம் அவ்வளவு அழுத்தமாக இருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம். நிரூபணம் என்றால் என்ன என்ற தெளிவான எண்ணம் அவரிடம் இருக்கவில்லை, சான்றும் உள்ளுணர்வும் கலந்து உறுதி வந்துவிட்டால் அதற்குமேல் அவர் தேடவில்லை என்று ஹார்டியின் சக கணிதர் லிட்டில்வுட் எழுதியிருக்கிறார்.

அதே லிட்டில்வுட் 1914-ல் நிரூபித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பகா எண்களின் எண்ணிக்கைக்குக் காஸ் காலத்திலிருந்து வழங்கும் தோராய மதிப்பு ஒன்று உண்டு. போட்ட அட்டவணை எல்லாவற்றிலும் உண்மையான எண்ணிக்கை அந்தத் தோராயத்தைவிடக் குறைவாகவே வந்தது. எப்போதும் அப்படித்தான் என்று நம்ப லட்சக்கணக்கான எண்கள் சாட்சி. லிட்டில்வுட் அது எண்ணற்ற முறை தலைகீழாகும் என்று நிரூபித்தார். இன்று வரை அப்படித் தலைகீழாகும் ஓர் எண்ணைக்கூட யாரும் நேரில் சுட்டிக்காட்டவில்லை. 1-க்குப் பின் 316 பூஜ்ஜியம் போட்டால் வரும் அளவுக்கு அருகே அது நடக்கிறது என்று மட்டும் கணக்கிட்டிருக்கிறார்கள். கணிதத்தில் "போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது" என்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

குடந்தை_வாசகி

பகுஎண், 243 பற்றி எழுதியதற்கு நன்றி. வகுத்துப் பார்த்தேன், 49-ஆல் வகுத்த பிறகு 7-ஆல் வகுக்கும்போது மீதி 5 நிற்கிறது.

நிரூபணம் இருந்தால்தான் அறிவு என்ற இடத்துக்கு நீங்கள் போகிறீர்கள். அதை அப்படியே ஏற்றால் ஆய்லருக்குப் பாதி தெரியாது, நியூட்டனுக்கு நுண்கணிதமே தெரியாது என்று சொல்ல வேண்டிவரும். அவர்கள் கொடுத்த பல வாதங்கள் இன்றைய கண்டிப்புக்கு நிற்காதவை.

இன்னொன்று. நிரூபணம் என்று நாம் சொல்வதே கெட்டியாக இருக்கிறதா? நான்கு வண்ணத் தேற்றத்தை 1976-ல் ஆப்பெல், ஹாக்கன் இருவரும் கணினியை வைத்து நிரூபித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட அமைப்புகளைக் கணினி சரிபார்த்தது, எந்த மனிதரும் முழுவதையும் படித்துப் பார்க்கவில்லை. கோளங்களை எப்படி அடுக்கினால் இடம் மிச்சம் என்ற கெப்ளர் ஊகத்துக்குத் தாமஸ் ஹேல்ஸ் 1998-ல் நிரூபணம் கொடுத்தார். 12 பேர் கொண்ட குழு ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு, 99 சதவீதம் உறுதி என்றது. அந்த ஒரு சதவீதம் மனதை அரித்து, ஹேல்ஸ் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு 2014-ல் கணினியே வரிக்கு வரி சரிபார்க்கும் வடிவத்தை முடித்தார். 1998-க்கும் 2014-க்கும் நடுவில் ஹேல்ஸுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றுதானே நாம் எல்லோரும் சொல்வோம்? அப்படியானால் ராமானுஜனுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

மெய்யியல்_மாணவன்

மேடம், ஹேல்ஸ் தன் வேலையை 12 பேர் கையில் கொடுத்தார். அவர்கள் தடுமாறினார்கள், அது வேறு. கொடுக்க ஒன்று இருந்தது.

எட்வர்ட் கிரெய்க் 1990-ல் எழுதியது இங்கே உதவும். அறிவு என்ற கருத்து மனிதர்களுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று அவர் கேட்கிறார். நல்ல தகவல் தருபவர் யார் என்று அடையாளம் காணத்தான் என்பது அவர் விடை. அதாவது "அவருக்குத் தெரியும்" என்பது அவர் தலைக்குள் இருப்பதைப் பற்றிய அறிக்கை மட்டுமல்ல. அவரிடம் போய்க் கேட்கலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்வதும்கூட. பாமா சொன்ன கேஸ் ஷீட் அதுதான். சீனியர் சிஸ்டருக்குத் தெரியும் என்று அவர் சொல்வது, அந்த அறையில் பல வருடம் எல்லோரும் பார்த்த பலனை வைத்து. புதிதாகச் சேர்ந்தவர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், அது சரியாகவே இருந்தாலும், அன்றே "அவருக்குத் தெரியும்" என்று சொல்லியிருப்பார்களா?

ஹார்டிக்கு ராமானுஜன் அன்று புதிதாகச் சேர்ந்தவர்.

பாமா

சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் டாக்டரைக் கூப்பிட்டிருப்போம்.

அளவைநூல்

ஹார்டியும் அதைத்தான் செய்தார். அன்று இரவே லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு நிரூபணம் கேட்டு எழுதினார்.

அதற்கு 1913 பிப்ரவரி 27-ல் ராமானுஜன் எழுதிய பதிலை இங்கே யாரும் எடுக்கவில்லை. வழிமுறையைச் சொன்னால் ஏற்கமாட்டீர்கள் என்கிறார். அதனால் என் முடிவுகளைச் சரிபாருங்கள், உங்கள் வழியில் போய் நீங்கள் அடைந்தவற்றோடு அவை ஒத்துப்போனால், என் அடிப்படையிலும் ஏதோ உண்மை இருக்கக்கூடும் என்றாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறார். இது முழுக்க நியாய வாதம். பலனைப் பார், பலன் மெய்யானால் அதைத் தந்த கருவியை நம்பு. வாசகி அவரை மீமாம்சகர் பக்கம் நிறுத்தினார், அவரோ தாமே எதிர்ப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார்.

நையாயிகர் இன்னும் ஒரு படி வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் குடித்துப் பார்க்க வேண்டியதில்லை. முன்பு மெய்ப்பட்டதோடு ஒரே இனத்தைச் சேர்ந்த உணர்வு என்றால் முன்கூட்டியே நம்பலாம்.

பகுஎண்

ஐயா, அந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே இனம் எது?

தொடர் பின்னங்கள், முடிவிலித் தொடர்கள், தீட்டா சார்புகள் இவற்றில் எழுத்துகளைப் பிடித்து நகர்த்தி உருமாற்றும் வேலையில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. அங்கே ஒரு முடிவு சரியானால் பக்கத்து முடிவையும் நம்பலாம். பகா எண்கள் வேறு இனம். அங்கே சூத்திரம் அழகாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. கடிதத்தில் இரண்டும் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து இருந்தன. தொடர் பின்னத்தைச் சரிபார்த்தவர், ராமானுஜன் கேட்டபடியே அவர் அடிப்படையை நம்பி, பகா எண் சூத்திரத்தையும் சேர்த்து நம்பியிருக்கலாம்.

மெய்யியல்_மாணவன்

கோல்ட்மேன் வழியில் போகிறவர்களுக்கு இதே சிக்கல் இருக்கிறது. கோனீ, ஃபெல்ட்மன் இருவரும் 1998-ல் இதை வலுவாக வைத்தார்கள். வழிமுறை நம்பகமானதா என்று கேட்கும் முன், எது அந்த வழிமுறை என்று சொல்லியாக வேண்டும். "ராமானுஜன் சிந்தித்தது" என்று எடுத்தால் நம்பகம். "1913-ல் ராமானுஜன் பகா எண்களைப் பற்றிச் சிந்தித்தது" என்று எடுத்தால் இல்லை. எங்கே வெட்டுவது என்பதற்கு அந்தக் கோட்பாட்டுக்குள் விதி கிடையாது.

குடந்தை_வாசகி

வெட்ட வேண்டிய இடம் ராமானுஜனுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கிறீர்கள். எனக்கு அது அதிகப்படியான நிபந்தனையாகப் படுகிறது. தொடர் பின்னம் தெரிவது ஒன்று. எதெல்லாம் எனக்குத் தெரியும், எது தெரியாது என்று தெரிவது மற்றொன்று. இரண்டாவது இல்லாதவருக்கு முதலாவதும் இல்லை என்றால், உலகத்தில் யாருக்குமே ஒன்றும் தெரியாது. தொடர் பின்னங்களை அவர் அறிந்திருந்தார், பகா எண் சூத்திரத்தை நம்பியிருந்தார், எது எது என்று ஹார்டியால் அன்று தபாலைப் பிரித்த உடனே சொல்ல முடியவில்லை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பது என் நிலை.

பகுஎண்

முதல் வாக்கியத்துக்கு நான் இன்னும் வரவில்லை அக்கா. ஊகத்தை ஊகம் என்று எழுதிய 1919 ராமானுஜனுக்கு "தெரியும்" என்பேன். 1913 ராமானுஜனுக்கு, தொடர் பின்னங்களில்கூட, "சரியாகச் சொன்னார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அவருடைய முதல் கடிதத்தில் இருக்கும் மூன்று தொடர் பின்னங்களை அவர் என்ன வழியில் அடைந்திருக்கக்கூடும் என்று நோட்டுகளிலிருந்து தேடிப் பார்க்க முடியும். 1957-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அப்படியே படியெடுத்து வெளியிட்டிருக்கிறது. முதலில் இரண்டாம் நோட்டின் பதினாறாம் அத்தியாயத்தை எடுக்கிறேன். யாராவது கூட உட்கார்ந்து படிக்க வந்தால் நல்லது.